ஐம்பதாயிரத்து ஒன்று

அனுப்புநர்:
மொய் எழுதுகிறவர்,
இந்திரா நகர், நெய்வேலி.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மத்திய நேரடி வரிகள் வாரியம், புது தில்லி.

பொருள்: எங்கள் ஊர் விசேஷங்களில் வரும் மொய்ப்பணம் – வரி விதிப்பில் சந்தேகங்கள் – தெளிவுரை வேண்டி.

பார்வை: வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 56(2)(x), மற்றும் நான் எழுதிய மொய் நோட்டுகள்.

ஐயா,

நான் சுரங்க நிறுவனத்தின் ஸ்டோர்ஸில் லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவன். குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு, எங்கள் ஊரில் பலரும் செய்வதைப் போல டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு வந்தாயிற்று. கையெழுத்து நன்றாக இருக்கும், கணக்கு உதைக்காது, பந்தி போட்டுவிட்டார்கள் என்று மேஜையை விட்டு எழுந்து ஓடமாட்டேன். இந்தத் தகுதிகளால் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, காரியம் என்று எதுவானாலும் நோட்டு என் கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே உங்களுக்கு அடுத்தபடியாக இந்த வட்டாரத்தின் பணப் போக்குவரத்து தெரிந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

மொய் மேஜை தில்லியில் அவ்வளவாகப் பழக்கமில்லை என்று கேள்வி. மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தையும் கல்கண்டுத் தட்டையும் தாண்டினால் நாங்கள் இருவர். ஒருவர் கவரைப் பிரித்து எண்ணிப் பைக்குள் போடுவார், ஒருவர் எழுதுவார். முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி, முதல் வரி தாய்மாமனுக்கு. மற்ற ஊர்களில் பெயருக்கு முன்னால் வடக்குத்து, முத்தாண்டிக்குப்பம், குறிஞ்சிப்பாடி என்று ஊரைப் போட்டால் முடிந்தது. நெய்வேலியில் அது பத்தாது. ஒரே வட்டத்தில் நாலு குமார் இருப்பார்கள். ‘குமார், மைன்ஸ் டூ, எலக்ட்ரிக்கல், 501’, ‘குமார், தெர்மல், பாய்லர், 1001’ என்று யூனிட்டோடு எழுதவேண்டும். குமார்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. குனிந்து, இனிஷியல் சரியா, சைபர் விழுந்ததா என்று பார்த்த பிறகுதான் சாப்பிடப் போவார்கள். அந்த ஒரு வரிதான் அவர்களுக்கு ரசீது. நாளைக்கு அவர்கள் வீட்டில் விசேஷம் என்றால் இந்த வீட்டுக்காரர் அதே பக்கத்தைப் புரட்டி, 501-க்குக் குறையாமல், மரியாதை தெரிந்தவராக இருந்தால் கொஞ்சம் கூட்டி, திருப்பிச் செய்யவேண்டும்.

மொய் நோட்டை அரசாங்கமே கேட்ட காலம் ஒன்று உண்டு. வரதட்சணைத் தடைச் சட்டத்தின்கீழ் 1985-இல் வந்த விதிகளைப் பாருங்கள். கல்யாணத்தில் மணமக்களுக்கு வந்த அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுதவேண்டும். என்ன பொருள், தோராயமாக என்ன மதிப்பு, கொடுத்தவர் யார், அவர் என்ன உறவு என்றெல்லாம் குறித்து மணமக்கள் கையெழுத்துப் போடவேண்டும். இந்தியா முழுக்க இந்த விதியை யார் மதித்தார்கள் என்று தேடினால், மண்டப வாசலில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருக்கும் எங்களைத்தான் காட்டமுடியும். உறவு என்ற கட்டம் மட்டும் நாங்கள் போடுவதில்லை. போட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கும் உங்கள் வரிக்கும் வேறொரு பந்தமும் உண்டு. தம் நிலத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்த ஜம்புலிங்க முதலியார் புண்ணியத்தில் 1956-இல் நிலக்கரி நிறுவனம் பிறந்து, 1957 மே 20 அன்று பிரதமர் நேரு நேரிலேயே வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். வருஷம் திரும்பவில்லை. முந்த்ரா ஊழல் விவகாரத்தில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியை விட்டுப் போக, 1958 பிப்ரவரியில் அதே நேரு பட்ஜெட் படித்தார். அதில்தான் அன்பளிப்பு வரி வந்தது. கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டார் சொல்லிக்கொடுத்த யோசனை. அன்றைக்கு வரி கட்டவேண்டியவன் கொடுத்தவன். நாற்பது வருஷம் வசூலித்துப் பார்த்துவிட்டு, 1998 அக்டோபர் 1 முதல் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஏறத்தாழ ஆறு வருஷம் கொடுத்தவனும் நிம்மதி, வாங்கினவனும் நிம்மதி. அந்தக் காலத்தில் காது குத்திக்கொண்ட பிள்ளைகள் பாக்கியசாலிகள்.

2004 செப்டம்பர் 1 முதல் அது திரும்பி வந்தது, இந்தத் தடவை வாங்கினவன் தலையில். கொண்டுவந்தவர் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், சிவகங்கைச் சீமைக்காரர். மொய் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுத்திருக்கவேண்டியதில்லை. உறவினர் அல்லாதவரிடம் 25,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அது வருமானம் என்றார்கள். 2006 ஏப்ரலில் அதை 50,000 ஆக்கி, ஒருவர் கொடுத்தது என்பதை எடுத்துவிட்டு, ஒரு வருஷத்தில் எல்லாரும் கொடுத்ததைக் கூட்டிப் பார் என்றார்கள். அதோடு சரி. 2006-இல் ஐம்பதாயிரத்துக்கு ஏழெட்டுச் சவரன் வாங்கலாம். இன்றைக்கு ஒரு சவரனே வராது. 2025-இல் சட்டத்தையே மாற்றி எழுதினீர்கள். ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ எல்லாம் போய் ‘வரி ஆண்டு’ வந்தது. 2026 ஏப்ரல் முதல் பிரிவு எண்களும் வேறு. ஐம்பதாயிரம் மட்டும் அசையவில்லை. என் வயதுக்குப் புது எண்கள் மனசில் நிற்காது, பழைய எண்களையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஐம்பதாயிரத்தால் எங்கள் ஊரில் அடிபடுவது பிரிவு உபசாரம். ஒருவர் ரிட்டயர் ஆனால் செக்ஷன் ஆட்கள் கலெக்ஷன் போட்டு, மாலை மரியாதையோடு விரலில் மோதிரம் போடுவது வழக்கம். ஒரு சவரன் மோதிரம் என்றால் ஐம்பதாயிரம் தாண்டியாயிற்று. நகையும் உங்கள் கணக்கில் சொத்துதான். கூட வேலை பார்த்தவன் உங்கள் பட்டியலில் உறவும் இல்லை. முப்பது வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தவன் கைதட்டலுக்கு நடுவில் மோதிர விரலை நீட்டும்போது, ‘இதர வழிகளில் வருமானம்’ என்ற தலைப்பில்தான் விரலை நீட்டுகிறான் என்பது அவனுக்குத் தெரியாது. கால் சவரன் போடுங்கள் என்று நான்தான் இப்போதெல்லாம் சொல்லி வருகிறேன். கஞ்சன் என்ற பெயர் எனக்கு, வரி மிச்சம் அவனுக்கு.

இனி உறவுக் கட்டம். சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது: கணவன் மனைவி, உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள், தாய் தகப்பனின் உடன்பிறந்தவர்கள், தமக்கும் துணைக்கும் நேர் மேல் கீழ் வழியினர், இவர்களின் துணைவர்கள். இவர்கள் எவ்வளவு கொடுத்தாலும் வரி இல்லை. தாய்மாமன் இருக்கிறார், சந்தோஷம். ஆனால் திருப்பிப் பார்த்தேன். தாய்மாமன் மருமகனுக்கு ஒரு லட்சம் செய்தால் வரி இல்லை. ஏனென்றால் மருமகனுக்கு அவர் தாயின் உடன்பிறந்தவர். அந்த மருமகன் வளர்ந்து, வேலைக்குப் போய், நன்றி மறக்காமல் மாமன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அதே ஒரு லட்சத்தைத் திருப்பிச் செய்தால், மாமன் வரி கட்டவேண்டும். உடன்பிறந்தவளின் பிள்ளை மாமனுடைய பட்டியலில் இல்லை. மருமகனுக்கு மாமன் உறவு, மாமனுக்கு மருமகன் யாரோ. எங்கள் பக்கம் பாகப்பிரிவினையில்கூட இந்த அளவுக்கு யாரும் யோசித்ததில்லை.

ஒன்றுவிட்ட சித்தப்பா கிடையாது. பெரியம்மா மகன் கிடையாது. பங்காளி கிடையாது. சம்பந்தியும் கிடையாது, மகளைக் கொடுத்த வீட்டுக்காரர் நமக்கு உறவே இல்லை என்பதைச் சட்டம் இப்போதுதான் எழுதியிருக்கிறது, சில வீடுகளில் நிச்சயதார்த்தத்தன்றே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கல்யாணத்துக்கு விலக்கு உண்டே என்பீர்கள். உண்டு. யார் கொடுத்தாலும், எவ்வளவு கொடுத்தாலும் வரி இல்லை. ஆனால் ‘அந்த நபரின் திருமணத்தின்போது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நபர் என்றால் மாப்பிள்ளையும் பெண்ணும். இங்கே நடப்பது வேறு. இருபத்தைந்து வருஷமாக மழையிலும் வெயிலிலும் பஸ் ஏறிப்போய் ஊரெல்லாம் மொய் எழுதியவர் பெண்ணின் அப்பா. திரும்பி வருவது அவர் போட்டது. மகள் கல்யாணத்தில் அப்பா தம் பெயரில் வாங்கிய அன்பளிப்புக்கு இந்த விலக்கு செல்லாது என்று பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. அதனால் நோட்டின் அட்டையில் அப்பா பெயரை எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். மணமக்கள் பெயர்தான். அப்பாக்கள் என்னை முறைக்கிறார்கள். சண்டிகர் வரை போய் அவர்களிடம் முறையுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

காதுகுத்துக்கு அந்த விலக்கும் இல்லை. வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் மொட்டை போட்டு, மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துகிறார்கள். அன்பளிப்பு பிள்ளை பேரில் வந்தது என்று வைத்தால், மைனர் வருமானம் தாய் தகப்பனில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். குத்துகிற வலி பிள்ளைக்கு, வரி தகப்பனுக்கு. மஞ்சள் நீராட்டும் அப்படியே. காரியத்தில் எழுதுகிற மொய்யும் அப்படியே. செத்துப்போனவர் வீட்டாருக்குக் கைச்செலவுக்காக வரும் பணத்துக்குப் பொதுவான விலக்கு எதையும் காணோம். ஆனால், இதை நான் மிகவும் ரசித்தேன், கொடுப்பவர் தாம் சாகப்போகிறோம் என்ற எண்ணத்தில் கொடுத்தால் விலக்கு உண்டாம். வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டால் உதவியாக இருக்கும். நீட்டுகிற ஒவ்வொருவரிடமும் “ஐயா, உடம்பு எப்படி இருக்கு? டாக்டர் என்ன சொன்னார்?” என்று விசாரித்து, நம்பிக்கையான பதில் வந்தால் வரி உள்ள பக்கத்திலும், இருமல் கேட்டால் வரி இல்லாத பக்கத்திலும் எழுதிவிடுகிறேன்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும் வரி என்று நினைத்துக்கொண்டிருந்த நல்லவர்கள் ஏராளம். அப்படி இல்லை. தாண்டிவிட்டால் முழுத் தொகைக்கும். நாங்களோ 50 எழுதமாட்டோம், 51 எழுதுவோம். 500 எழுதமாட்டோம், 501 எழுதுவோம். சைபரில் முடிந்தால் ஆகாது. ஆகையால் ஒரு பெரிய மனிதர், உறவு இல்லாதவர், காதுகுத்துக்கு 50,000 கொடுத்து, அந்த வருஷம் உறவல்லாத வேறு யாரும் எதுவும் கொடுக்காதிருந்தால் வரி ஒன்றும் இல்லை. சபை மரியாதைக்கு மேலே அந்த ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டிக் கொடுத்தால், வாங்கியவர் இருபது சதவீத அடுக்கில் இருக்கும்பட்சத்தில் செஸ் உட்பட 10,400 ரூபாய் கட்டவேண்டும். இந்தியாவில் அச்சடித்த நாணயங்களில் இதற்கு மேல் விலை போனதை நான் பார்த்ததில்லை.

அந்த ஒரு ரூபாய் அதோடும் நிற்பதில்லை. 2017 ஏப்ரல் முதல் பிரிவு 269 எஸ்டி வந்தது. ஒரே விசேஷத்துக்கு, ஒரே ஆளிடமிருந்து, ரொக்கமாக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ வாங்கக்கூடாது. வாங்கினால் எவ்வளவு வாங்கினோமோ அவ்வளவும் அபராதம். நேற்று ஒரு லட்சம், இன்று ஒரு லட்சம் என்று பிரித்தாலும் செல்லாது, விசேஷம் ஒன்றுதானே. தாய்மாமன் சீருக்கு 56-ஆம் பிரிவு வரி இல்லை என்று தட்டிக்கொடுக்கும். 269 எஸ்டி பின்னாலேயே வந்து முழுசாக எடுத்துக்கொண்டு போகும். கல்யாணமானாலும் தப்பிக்க வழியில்லை. சட்டப்படி ஒரு மாமன் ரொக்கமாகச் செய்யக்கூடிய பெரிய சீர் 1,99,999 ரூபாய். பாட்டா செருப்பு விலை மாதிரி இருக்கிறது, எந்த மாமனும் தட்டில் வைக்கமாட்டான்.

ஜிபே பண்ணச் சொல்லுங்கள் என்பீர்கள். பண்ணுகிறார்கள். மொய் மேஜையிலேயே க்யூஆர் அட்டை நிற்கிறது. ஆனால் மண்டபத்தில் சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் மேஜைக்கும் நடப்பவரைத் தேடி நோட்டில் ஏற்றுவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடுகிறது.

மொய் பரிசே இல்லை, கடன் என்று வாதாடலாமா என்றும் யோசித்தேன். கடன் வருமானம் ஆகாது, வரி இல்லை. உண்மையும் அதுதான், வாங்கினதைத் திருப்பாதவன் வீட்டு வாசலில் பேசுகிற பேச்சைக் கேட்டால் உங்களுக்கே புரியும். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் இதை ஒளிக்கவே மாட்டார்கள். ஆடி, ஆவணியில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் மொய் விருந்து. கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. கறிச்சோறு போட்டு மொய் வாங்குவதே விசேஷம். பழைய பாக்கி எவ்வளவு, புது நடை எவ்வளவு என்று பிரித்து எழுதுகிற நேர்த்தி எனக்கே பொறாமை. 2019-இல் வடகாட்டில் ஒரு விவசாயிக்கு நாலு கோடி வந்தது. ஆயிரம் கிலோ ஆட்டுக்கறி, பணத்தை எண்ணப் பந்தலுக்கே வந்த வங்கிக்காரர்கள் என்று பத்திரிகைகள் படத்தோடு போட்டன. 2022 ஆகஸ்டில் பேராவூரணியில் சட்டமன்ற உறுப்பினர் வீட்டு விருந்தில் பத்துக் கோடி அளவில் என்றார்கள். ஆழ்குழாய்க் கிணறு போடவும், பிள்ளையைப் படிக்கவைக்கவும், கடை வைக்கவும் வங்கி தராத பணத்தை ஊர் தருகிறது. சில வருஷத்தில் கூட்டித் திருப்பவேண்டும். வட்டி என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. இதைப் பரிசு என்று வைத்தால் கடன் வாங்கியவனிடம் வருமான வரி கேட்கிறோம். கடன் என்று வைத்தால் 269 எஸ்எஸ் நிற்கிறது: 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால் அதே அளவு அபராதம். இரண்டு பக்கமும் விவசாய வருமானம் மட்டும் உள்ளவர்களாக இருந்தால் அதில் விலக்கு உண்டு. எங்கள் சுரங்கத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. அவன் தோண்டுவது மண்ணைத்தான் என்றாலும் நீங்கள் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

ஆக, 501, 1001 எழுதுகிற சாதாரண ஜனம் அத்தனை பேரும் “இது கடன்தான்” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் வரியும் இல்லை, அபராதமும் இல்லை. ஒருவரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள். நோட்டைப் புரட்டி வைத்துக்கொண்டு, பழைய தொகையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மேஜைக்கு வந்ததும் “ஏதோ நம்மால முடிஞ்சது” என்று சொல்லித்தான் நீட்டுவார்கள். வாங்குபவரும் “எதுக்குங்க இதெல்லாம்” என்றுதான் வாங்குவார். இந்த இரண்டு வசனத்தையும் நம்பிச் சட்டம் எழுதிய ஒரே ஆள் நீங்கள்.

வெளிப்படைத்தன்மை வேண்டும், அதற்குத்தான் இதெல்லாம் என்று சொல்லப்படுவதாக அறிகிறேன். 269 எஸ்டி வந்த அதே 2017 நிதிச் சட்டத்தில்தான் தேர்தல் பத்திரத்துக்கும் வழி செய்தார்கள். கோடிக்கணக்கில் கொடுக்கலாம், கொடுத்தவர் பெயர் ஜனங்களுக்குத் தெரியாது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-இல் சொல்லும் வரைக்கும் நடந்தது. இன்றைக்கும் ஒரு கட்சி ஆளுக்கு 2,000 ரூபாய் வரை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். 20,000 வரை கொடுத்தவர் யார் என்று தேர்தல் ஆணையத்துக்குக் கணக்குக் காட்டவேண்டியதில்லை. வருமானத்துக்கு வரியும் இல்லை. எங்கள் நோட்டில் 51 ரூபாய் முந்தானையில் முடிந்துகொண்டு வந்த மந்தாரக்குப்பம் கிழவிக்கும் ஊர் உண்டு, பெயர் உண்டு, யார் வீட்டு அம்மா என்பதும் உண்டு. கட்சி அலுவலகங்களுக்கு மொய் எழுத ஆள் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புங்கள். நானும் கூட இருப்பவரும் வருகிறோம். மேஜையை விட்டு எழுந்திருக்க மாட்டோம்.

501-ஐத் தேடி எந்த அதிகாரியும் வரப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். நடுவில் மாட்டிக்கொள்பவர் ஒருவர்தான்: மொய்யை வீட்டில் வைக்கப் பயந்து வங்கியில் போடுகிறவர். வருஷத்தில் பத்து லட்சம் ரொக்கம் சேமிப்புக் கணக்கில் விழுந்தால் வங்கி உங்களுக்கு எழுதிவிடுகிறது. விளக்கம் சொல்ல முடியாவிட்டால், 1961 சட்டத்தில் அறுபது சதவீதம், அதன்மேல் சர்சார்ஜ், அதன்மேல் செஸ், கடைசியில் 78 சதவீதம் என்று இருந்தது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் அவர் ஓடிவந்து கேட்பது என் நோட்டை. எண்ணெய்ப் பிசுக்கும் சந்தனக் கையும் பட்ட நோட்டை ஒரு ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு படிப்பதைப் பார்க்கவேண்டும் நீங்கள். “பாய்லர் குமார் என்பது யார்?” என்று கேட்கிறார். “பாய்லர் குமார்தான் சார்” என்கிறோம்.

ஆகவே தெளிவுரை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அந்த ஒரு ரூபாயை மட்டுமாவது கணக்கில் சேர்க்காமல் விட்டால் மாமன்மார் சார்பில் நன்றி சொல்வேன்.

வரும் தை மாதம் எங்கள் வீட்டிலேயே பேரனுக்குக் காதுகுத்து. முகூர்த்தம் பிப்ரவரி முதல் தேதிக்குப் பக்கத்தில் விழும்போலிருக்கிறது. அன்றைக்கு உங்கள் வீட்டிலும் விசேஷம், பட்ஜெட்டோடு போட்டோவுக்கு நிற்பீர்கள் என்று தெரியும். இருந்தாலும் அழைக்கவேண்டியது முறை. உங்கள் விசேஷத்துக்கு நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து சம்பளத்திலேயே பிடித்துக் கொடுத்து வந்திருக்கிறேன். ஃபார்ம் 16 அத்தனையும் நோட்டு மாதிரிக் கட்டி வைத்திருக்கிறேன். திருப்பிச் செய்யும் உத்தேசம் இருந்தால், பெயர், இனிஷியல், யூனிட் சொல்லி எழுதிக்கொள்ளவும். ஐம்பதாயிரத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் உறவுப் பட்டியலில் இல்லை.

இப்படிக்கு,
மொய் எழுதுகிறவர்